தனியாக ஒரு கிளாஸ்

சிம்மக்கல் மாடியில் எட்டு ரெமிங்டன் மெஷின்களோடு
நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த காலம்.
டவுன்ஹால் ரோடு லாட்ஜிலிருந்து ஆள் வந்தான்:
வெளிநாட்டுத் தமிழராம், தமிழ் வராதாம்,
நாளுக்கு நூறு ரூபாய்.

சாக்கி பில்லே என்று கை குலுக்கினார்.
சொக்கலிங்கம் பிள்ளை
டர்பன் வெயிலில் காய்ந்து சுருங்கிய மிச்சம்.
விசாத் தாளில் தொழில்: பஸ் முதலாளி.
ஒத்தக்கடை நெருங்கும்போதுதான்
எம்.பி. என்றார், குரலைத் தணித்து,
டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று
இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகு.

அங்கே மூன்று சபை.
வெள்ளைக்காரருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று,
நமக்கு ஒன்று.
'நமக்கு' என்னும்போது என் தொடையைத் தட்டினார்.
கறுப்பருக்கு? என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே யானைமலை படுத்திருந்தது.
அதன் உயரம் என்ன என்று விசாரித்தார்.

அப்பா கடற்கரை ஓட்டலில் பரிமாறியவர்;
அந்தக் கடலில் கால் நனைக்க அவருக்கு அனுமதியில்லை.
மகன் ஒரு பஸ், பிறகு பதினொரு பஸ்,
வட்டாரக் கமிட்டி, பிறகு எலெக்‌ஷன்.
நூற்றுக்குப் பதினாறு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள்.
ஜெயித்த அன்று வாசலில் தக்காளி வீச்சு,
வீசியவர்களில் மகளும் ஒருத்தி.
"ஒரு மயானம் வாங்கிக் கொடுத்தேன், ஒரு பாலம்,
முப்பது பஸ் ஸ்டாப்புக்குக் கூரை.
உள்ளே போகாமல் இதெல்லாம் கிடைக்குமா?"
ஞாயம்தான் என்றேன்.
நூறு ரூபாய் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்.

மடியில் கப்பல் பட்டியலின் ஜெராக்ஸ்.
பெயர் கருத்தான். தகப்பன் வீரணன். வயது இருபத்திரண்டு.
ஜில்லா மதுரை, ஊர் செவக்காட்டுப்பட்டி.
இடது முழங்காலில் தழும்பு.
சாதி என்ற கட்டத்தில் மட்டும்
யாரோ வெள்ளை மை பூசியிருந்தார்கள்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
பின்பக்கமாக எழுத்து தெரியும், டைப் அடிக்கிறவனுக்குத் தெரியாதா.
நான் தூக்கிப் பிடிக்கவில்லை.

டீக்கடையில் சஃபாரி சூட்டைப் பார்த்து
நாற்காலி வந்தது, இஞ்சி தட்டிப்போட்ட டீ வந்தது.
கூரை வாரையில் நாலு அலுமினிய டம்ளர் தனியாகத் தொங்கியதைப்
போட்டோ எடுத்தார், அழகாக இருக்கிறதாம்.
குடித்து முடித்து, நிமிர்ந்து,
பூட்டன் பெயரைச் சொன்னார்.

கடைக்காரர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.
பிறகு கிளாஸைப் பார்த்தார்.
என்னிடம், மெதுவாக:
"டீ அறுவது பைசா. கிளாஸுக்கு ரெண்டு ரூவா சேத்துக் குடுத்துருங்க சார்.
இனி இத நாங்க பொழங்க முடியாது."

என்ன சொல்கிறார்? என்றார் பில்லே.

எட்டு மெஷினும் ஒன்றாக நின்றாற்போல் ஒரு நொடி.
ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார், என்றேன்.
ரெண்டு ரூபாயை என் பையிலிருந்து கொடுத்தேன்.
அவர் கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டார்.
வாய்க்காலைத் தாண்ட வேண்டாம், நேரமாகிவிட்டது என்று
அவரேதான் சொன்னார்.

அடுத்த வருஷம் ஒரு பத்திரிகைத் துண்டு வந்தது, சபையில் அவர் பேச்சு.
இங்கிலீஷில் எப்படியோ,
தமிழில் எனக்கு இப்படித்தான் வந்தது:
'என் பூர்வீக ஊரில்
எனக்கென்று தனியாக ஒரு கிளாஸ் கொடுத்தார்கள்.'
கைதட்டல் என்று போட்டிருந்தது.

பிறகு அந்தச் சபைகள் கலைந்தன.
மெஷின்களை எடைக்குப் போட்டேன்.
போன மாசம் ஒரு பார்சல்,
தக்காளி வீசிய மகளிடமிருந்து.
அப்பா அலமாரியில் கிடந்ததாம்.
அதே கிளாஸ். அடியில் நம்மூர் ஒத்தை ரூபாய் இரண்டு,
ஒரு துண்டுச் சீட்டு, தமிழில், கோணல் எழுத்து:
'மொழிபெயர்த்தவருக்கு.'

அப்பாவுக்குத் தமிழ் தெரியாதே என்று
கேட்டு எழுதியிருக்கிறாள்.
கிளாஸைக் கழுவிவிட்டேன்.
எந்தத் தட்டில் வைக்க என்று
என் மனைவி கேட்கிறாள்.